முறத்தில் ஆடிய ரம்மி

இரண்டு பேர் ஆடும் ரம்மியில் உப்புச் சப்பு இல்லை, நாலு பேராவது வேண்டும் என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. அவர்களுக்குக் கூட்டம் வேண்டும், கூச்சல் வேண்டும், நடுநடுவே எழுந்து போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வர வேண்டும். இரண்டு பேர் ஆடும்போது அதற்கெல்லாம் வழியில்லை. எதிராளி எதை எடுக்கிறார், எதை வேண்டாமென்று தள்ளுகிறார், எதற்காகக் காத்துக்கிடக்கிறார் என்பதைத் தவிர கவனிப்பதற்கு அங்கே வேறொன்றும் கிடையாது. நான் அப்படி ஒரு மனிதரோடு வெகுநாள் ஆடினேன். அவர் என் மாமனார். அவ்வளவு நாளும் அவர் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை, அவரிடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

இதைக் கேட்கிற இந்தக் காலத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். திருச்செங்கோட்டுக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவில், பருத்தியும் கடலையும் விளைகிற எங்கள் பக்கத்துப் பண்ணையக்கார வீடுகளில் யுத்த காலத்தில்கூட அதுதான் வழக்கம். மாமனார் எதிரில் மருமகள் உட்காரக் கூடாது. அவரோடு நேரில் பேசக் கூடாது. அவர் முன்பக்கத்துக் கூடமான ஆசாரத்தில் இருந்தால் இவள் உள்ளே கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் இடையில் ஒரு ஆளை வைத்துச் சொல்லலாம். மூன்று முழத் தூரத்தில் இருக்கிற மனிதருக்கு, "தண்ணி காஞ்சிருச்சுன்னு சொல்லுங்க" என்று வேறொருவரிடம் சொல்லி அனுப்புவதில் எனக்கு ஒரு காலத்திலும் மரியாதை தெரிந்ததில்லை. எரிச்சல்தான் தெரிந்தது.

எங்களுக்கு இடையில் இருந்த ஆள் என் அத்தை. அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் என் வீட்டுக்காரரைப் பெற்றவர் அல்ல. மாமனாரின் மூத்த சம்சாரம். அவருக்குக் குழந்தை இல்லை என்று மாமனார் இரண்டாவதாக ஒருவரைக் கட்டியிருக்கிறார். அந்த அம்மாள் என் வீட்டுக்காரரைப் பெற்று, பிள்ளை தவழ்கிற வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் இந்த மூத்தவர்தான். வெளியூர்க்காரர்கள் யாரும் அவரை மாற்றாந்தாய் என்று சொல்லமாட்டார்கள். மகனுக்குச் சோறு வைக்கும்போது குழம்பை ஊற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். அதைப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நான் அந்த வீட்டுக்குப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் குழந்தை இல்லை. கோயில் குளம் ஒன்றும் பாக்கி இல்லை. திருச்செங்கோட்டு மலைப் படியை ஏறி ஏறி முழங்கால்தான் தேய்ந்தது. உறவில் நடக்கிற கல்யாணம், காது குத்து எல்லாவற்றிலும் என்னைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எந்தப் பேச்சு என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு இன்னொரு பெண்ணைப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பேச்சு. அப்போதெல்லாம் அதைத் தடுக்கச் சட்டம் கிடையாது, வெட்கமும் கிடையாது. முதல் சம்சாரம் சம்மதித்தாள் என்று ஊருக்குச் சொல்ல முடிந்தால் போதும்.

என் வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் இந்த விஷயத்தில் வாயில் கொழுக்கட்டை. பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே, "உங்களுக்கு இஷ்டமுன்னாக் கட்டிக்குங்க, எனக்கொண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவர், "அப்பா என்ன சொல்றாரோ பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விட்டார். அன்று எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. ஆக, என் வாழ்வு மாமனாரின் ஒரு சொல்லில் இருந்தது. அவர் வேண்டாம் என்றால் யாரும் அசைக்க முடியாது. சரி என்றால் நான் அந்த வீட்டில் இன்னொருத்திக்கு இடம் விட்டு ஒதுங்கியிருக்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் மாமனார் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டும்போது கிணற்றடிச் சரிவான வாரியில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, காலை ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு இடத்தில் உட்கார்ந்து பழகாத மனிதரை ஆசாரத்துக் கட்டிலில் போட்டால் வீடு என்ன ஆகும்? கட்டில் கயிறு தளர்ந்திருக்கிறது என்பார், கோழி கத்துகிறது என்பார், மோர் புளிக்கிறது என்பார். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு சீட்டு. பருத்தி விற்கப் போன இடத்தில், மண்டியில் எடைக்குக் காத்திருக்கும் நேரத்தில் கற்றுக்கொண்டது. உள்ளூரில் அவரோடு ஆடிக்கொண்டிருந்த ஜவுளிக்காரர் ஈரோட்டில் மகனோடு இருக்கப் போய்விட்டார். அதனால் மாமனார் இரண்டு கையையும் தானே போட்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தன்னோடு தானே ஆடிக்கொண்டிருந்தார். தன்னோடு தானே ஆடும்போதும் ஏமாற்றுவார். அதை நான் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ரம்மி தெரியும். என் அக்காவைச் சேலம் ஜங்ஷனில் ரயில்வே வேலையில் இருந்தவருக்குக் கொடுத்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாகப் போய் அங்கே இருந்தேன். புருஷன்மார் டியூட்டிக்குப் போனதும் அந்த லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சமையலை முடித்துவிட்டுச் சீட்டுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே எல்லோரையும் ஜெயிப்பாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் சீட்டைத் தொட்டதில்லை, தெரியும் என்றும் சொன்னதில்லை.

ஒரு மத்தியானம் மாமனார் வழக்கம்போல இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு கையில் சிவப்பு ஆட்டினில் ஏழும் எட்டும் இருக்க, ஒன்பதை எடுத்துக் கீழே போடப் போனார். என்னால் தாங்க முடியவில்லை. சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகக் கதவில் பட்டது, வளையல் சத்தம் கேட்டது. அவர் கை நின்றது. சீட்டைப் பார்த்தார். ஒன்பதைத் திரும்பக் கையில் சேர்த்துக்கொண்டு, அத்தையைப் பார்த்துச் சொன்னார்:

"உள்ளார இருக்கறவளுக்குச் சீட்டுத் தெரியுமான்னு கேளு."

அத்தை என் பக்கம் திரும்பிக் கேட்டார். நான் தலையாட்டினேன். அத்தை அவர் பக்கம் திரும்பி, "தெரியுமாமுங்க" என்றார். இப்படித்தான் எங்கள் ஆட்டம் தொடங்கியது.

ஆடுவதற்கு அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். ஆசாரத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவைத் திறந்து, பாதி வழியை மறைத்து ஒரு பலகையைச் சாத்தி வைத்தார். அதன் மறைவில் நான். வெளியே கட்டிலில் அவர். நிலைக்குப் பக்கத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டு அத்தை. சீட்டுக் கட்டு ஒரு முறத்தில் இருக்கும். அவர் முறை வந்தால் அத்தை முறத்தை அந்தப் பக்கம் தள்ளுவார், என் முறை வந்தால் இந்தப் பக்கம் இழுப்பார். நெல் புடைக்கிற முறம் இந்த மாதிரி ஒரு வேலைக்கும் ஆகும் என்று அதைப் பின்னியவன் நினைத்திருக்க மாட்டான்.

இருவர் ஆட ஒரே கட்டு போதும். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. மிச்சத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதிலிருந்து ஒன்றை உருவித் திறந்து அடியில் வைக்க வேண்டும். அது ஐந்து என்றால் அந்த ஆட்டத்தில் எல்லா ஐந்தும் ஜோக்கர், எந்தச் சீட்டு இல்லையோ அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். முறை வந்ததும் கவிழ்த்த கட்டிலிருந்தோ, எதிராளி போட்டதையோ ஒன்று எடுத்து, கையிலிருந்து ஒன்று போட வேண்டும். இஸ்பேட், ஆட்டின் என்று ஒரே ஜாதியில் அடுத்தடுத்த எண்ணாக மூன்றோ நாலோ சேர்ந்தால் வரிசை. ஒரே எண் வேறு வேறு ஜாதியில் மூன்று சேர்ந்தால் செட்டு. ஜோக்கர் கலக்காத வரிசை ஒன்று கட்டாயம் வேண்டும், கூட இன்னொரு வரிசையும் வேண்டும். மற்றதெல்லாம் எப்படிச் சேர்ந்தாலும் சரி. பதின்மூன்றும் சேர்ந்தவர் கடைசிச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு ரம்மி என்று சொல்வார். நான் சொல்லக் கூடாதே. நான் வளையலைக் குலுக்குவேன், அத்தை, "ரம்மிங்கறா" என்பார்.

கணக்கு தோற்றவருக்குத்தான். ஜெயித்தவருக்குப் பூஜ்யம். தோற்றவர் கையில் சேராமல் நிற்கிற சீட்டுக்களைக் கூட்ட வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி, ஆஸ் எல்லாம் பத்து. மற்றவை அதனதன் எண். ஜோக்கர் கலக்காத வரிசையே இல்லையென்றால் கை முழுவதையும் கூட்ட வேண்டும், ஆனால் எண்பதுக்கு மேல் போகாது. கையை எடுத்துப் பார்த்ததுமே தேறாது என்று தெரிந்தால் ஆடாமல் கவிழ்த்துவிடலாம், இருபதோடு போகும். ஆட்டம் ஆட்டமாகக் கூட்டிக்கொண்டே போய் நூற்றொன்றைத் தொட்டவர் தோற்றார். மாமனார் ஒருநாளும் கையைக் கவிழ்த்ததில்லை. நாலு ஜாதியும் கலந்து நாறிக் கிடக்கிற கையைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டு எண்பதை வாங்குவார். ராஜாவைக் கீழே போடுவது அவருக்கு உயிர் போகிற மாதிரி.

கணக்கு வைக்கிறவர் அத்தை. அவருக்கு ஆட்டம் தெரியாது, கூட்டல் நன்றாகத் தெரியும். பத்துக்கு ஒரு கடலைக்காய், ஒன்றுக்கு ஒரு பருத்திக்கொட்டை. என் கணக்கு ஒரு குவியல், அவர் கணக்கு ஒரு குவியல். இதில் ஒரு சங்கடம் இருந்தது. மாமனார் யோசிக்கிறபோது கை சும்மா இராது. கட்டிலிலிருந்து கை நீட்டி, எந்தக் குவியல் எட்டுகிறதோ அதிலிருந்து ஒரு கடலைக்காயை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொள்வார். எட்டுவது பெரும்பாலும் என் குவியல். என் கணக்கிலிருந்து பத்துப் பத்தாக அவர் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு சங்கடம் என் கை மஞ்சள். நான் தொட்டுத் தொட்டுப் பிடித்த சீட்டின் ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. முதுகைப் பார்த்தே இது ராணி, இது இஸ்பேட் ஆறு என்று சொல்லிவிடலாம். அவர் சில நாள் அதைப் பார்த்து ஆடி ஜெயித்துவிட்டு, பிறகு அவருக்கே மனசு உறுத்தியதோ என்னவோ, "கையைச் சாம்பல் போட்டுத் தொடைச்சுட்டு எடுக்கச் சொல்லு" என்றார்.

ஆனால் அவர் ஜெயித்ததற்கு மஞ்சள் காரணமல்ல. நான் தோற்றுக்கொண்டிருந்தேன். முதல் நாளே அத்தை என் காதோரம், "ஜெயிச்சுப் போடாத அம்முணி. அவிய மனசு ஒடிஞ்சு கெடக்கறாங்க" என்று சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் நான் ஜெயித்திருக்க மாட்டேன். என் தலைவிதியைக் கையில் வைத்திருக்கிற மனிதரைச் சீட்டில் தோற்கடித்துக் கோபப்படுத்த எனக்கென்ன பைத்தியமா? நல்ல வரிசை சேர்ந்தால் அதை உடைத்துப் போடுவேன். அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு அதையே இறக்குவேன். அவர் ரம்மி சொன்னதும் என் சீட்டுக்களைக் கலைத்து முறத்தில் கவிழ்த்துவிட்டு, "நாப்பத்தி ரெண்டு" என்று வாய்க்கு வந்ததை அத்தையிடம் சொல்வேன். அவர், "பாவம், வெளையாடத் தெரியல" என்று அத்தையிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தைக் கேட்கும்போது எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் அந்தக் கடலைக்காயால் கெட்டது. ஒருநாள் என் கணக்கு நூற்றொன்றைத் தாண்டியிருக்க வேண்டும், குவியலில் பார்த்தால் அறுபதுகூட இல்லை. பாதி அவர் தின்றது. அது அவருக்கு நினைவில்லை. நான் கணக்கைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"இனிமேட்டு அவ கையைத் தொறந்து மொறத்துல வெக்கச் சொல்லு. நானே எண்ணிக்கறேன்."

அந்த ஆட்டத்தில்தான் எனக்குச் சீட்டு அப்படி வந்தது. இஸ்பேட்டில் நாலு, ஐந்து, ஆறு, ஏழு. ஆட்டினில் ஒன்பது, பத்து, ஜாக்கி. மூன்று ராணி. இரண்டாம் எண் சீட்டு இரண்டு ஏற்கெனவே இருந்தது, கடைசியாக எடுத்ததும் அதே எண். பதின்மூன்றும் சேர்ந்துவிட்டது. வளையலைக் குலுக்காமல், மிச்சமிருந்த ஒரு எட்டைக் கீழே போட்டேன். அடுத்த முறையில் ராணியை உடைத்துவிடலாம் என்று இருந்தேன். அவர் அந்த எட்டை எடுத்தார், "ரம்மி" என்றார். எனக்கு உடைக்க நேரமில்லை. கலைத்து வைக்கலாம் என்றால் அத்தை முறத்தை நீட்டிக்கொண்டு, "தொறந்து வெக்கோணுமாம், சாமி" என்கிறார்.

வைத்தேன். முறம் அந்தப் பக்கம் போனது. அவர் சீட்டுக்களை ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கிப் பார்க்கிற ஓசை மட்டும் கேட்டது.

"இவ ஏன் சொல்லல?"

அத்தை என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்பிடி?"

முறம் சுவரில் மோதி விழுந்தது. சீட்டெல்லாம் ஆசாரம் பூராவும் சிதறின. "என்னைக் கொழந்தைன்னு நெனைச்சுட்டாளா? கால் ஒடிஞ்சா புத்தியுமா ஒடிஞ்சு போகுது? கெலிச்ச கையை வெச்சுக்கிட்டுத் தோத்தேன்னு சொல்றதுக்கு என்ன நெஞ்சு வேணும்!" என்று அவர் போட்ட சத்தத்தில் வாசலில் கட்டியிருந்த கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு திமிறியது. போச்சு, இனி இந்த மனிதர் எனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று நினைத்தேன். அத்தை குனிந்து ஒவ்வொரு சீட்டாகப் பொறுக்கினார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, மாமனாரையும் சமாதானப்படுத்தவில்லை.

சில நாள் ஆட்டம் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் மாமனார், "ஒழுங்கா ஆடறதுன்னா மொறத்தை எடுத்துட்டு வரச் சொல்லு. இல்லாட்டி வேண்டாம்" என்று கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். நான் ஒழுங்காக ஆடினேன். அவர் நூற்றொன்றைத் தொட்டார், மறுநாளும் தொட்டார். கறுவுவார், சீட்டைத் திட்டுவார், ஜவுளிக்காரர் ஊரை விட்டுப் போனதைத் திட்டுவார். ஆனால் மத்தியானச் சாப்பாடு ஆனதும் முதலில் கேட்பது முறத்தைத்தான். ராஜாவைக் கீழே போடவும் மெதுவாகப் பழகிக்கொண்டார். என்னைப் பார்த்துப் பழகினார் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அந்த நேரம் வேண்டியிருந்தது. அந்த வீட்டில் என்னைக் குழந்தை இல்லாதவள் என்று பார்க்காமல், எதிராளி என்று பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

கால் கட்டை அவிழ்த்து அவர் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கிய சமயம், பங்காளி வீட்டுப் பெரியவர் ஒரு காலையில் உறவுக்காரர்களான இன்னும் இரண்டு ஒறம்பரைகளோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. ஆசாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் தூணோரம் நின்றார். நான் என் இடத்தில், கதவுக்குப் பின்னால்.

"பையனுக்கு வயசு போயிட்டிருக்குது. நாளைக்குக் காடு கரைக்கு ஒரு வாரிசு வேணுமல்லோ" என்று பெரியவர் ஆரம்பித்தார். "நாமக்கல் பக்கம் ஒரு பொண்ணு இருக்குது. நல்ல எடம். இந்தப் பிள்ளையை ஆரும் ஒண்ணும் தள்ளிவெக்கப் போறதில்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அது பாட்டுக்கு இருக்கட்டும். என்னைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்.

பெரியவர் மேற்கொண்டு பேசினார். "மொறைன்னு ஒண்ணு இருக்குது. அந்தப் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்று அத்தையைப் பார்த்தார். அத்தை கதவண்டை வந்து என்னைப் பார்த்தார். அவர் கேட்கவில்லை, நின்றார். இத்தனை ஆண்கள் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன் என்று சொல்கிற பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியாது. மலடிக்கு வாய் வேறா என்பார்கள். என் பிறந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். "சம்மதம்னு சொல்லிருங்க அத்தை" என்றேன்.

அத்தை திரும்பினார். "சம்மதங்கறா" என்றார்.

"அப்பறமென்ன?" என்று பெரியவர் வெற்றிலைத் தட்டை முன்னால் இழுத்தார்.

"இருங்க" என்றார் மாமனார். "அவ சும்மா சொல்றா."

"அந்தப் பிள்ளையே சொல்லுதே?"

"சொல்லும். எனக்குத் தெரியும் அவளை." கோலை ஊன்றி எழுந்தார். ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு கதவு வரைக்கும் நடந்து வந்து, சாத்தியிருந்த பலகைக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. அத்தையை இடையில் வைக்காமல், முதல் தடவையாக என்னிடம் பேசினார். "சாமி, ஆரு என்ன நெனைப்பாங்கன்னு பாக்காத. உம்மனசுல என்ன இருக்குதோ அதை நீயே சொல்லு."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டும் ஒன்றாக வந்தது. இத்தனை வருஷமாக வாயைப் பொத்தி வைத்துவிட்டு இப்போது சபையில் பேசச் சொல்கிறீர்களே என்ற கோபம். பலகையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்குச் சம்மதமில்லீங்க மாமா."

குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தூணோரம் நின்ற என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். பெரியவர், "பொம்பளை பேச்சைக் கேட்டு ஊட்டை நடத்தறதா?" என்று ஆரம்பித்தார். மாமனார், "கேட்டது நானு, சொன்னது அவ. இதோட உட்டுருங்க. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். அவர்கள் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் அவர்களை வண்டி வரைக்கும் கொண்டுபோய் விடப் போனார். அன்றைக்குப் பொழுது சாய அவர் என்னிடம், "நீ அன்னைக்குச் சொன்னதை நெசம்னு நெனைச்சுட்டேன்" என்றார். ஆண்களுக்கு அந்த மாதிரிப் பேச்சு மட்டும் நன்றாகக் காதில் விழும். பிற்பாடு எனக்கு ஒரு பெண் பிறந்தாள். சொல்லாமல் விட்டால் கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அன்றைக்கு நான் சொன்ன சொல்லுக்கு அந்தப் பெண் சமாதானம் அல்ல. அவள் பிறக்காமலிருந்தாலும் நான் சொன்னது சரிதான்.

வண்டிச் சத்தம் ஓய்ந்தது. மாமனார் கட்டிலில் உட்கார்ந்து, வென்றுவிட்டவர் குரலில், "மொறத்தைக் கொண்டா" என்றார். அத்தை முறத்தைக் கொண்டு வந்து வைத்தார். வைத்துவிட்டு வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. நின்றார்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"இவ சும்மா சொல்றான்னு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுதுங்க?"

"இத்தனை நாளாக் கூட உக்காந்து ஆடறேன். தெரியாம போகுமா?"

அத்தை முறத்தைப் பார்த்தார். "அன்னைக்கும் ஒறம்பரையெல்லாம் இதே எடத்துலதானுங்க வந்து உக்காந்தாங்க. எங்கிட்டயும் கேட்டாங்க. நானும் சம்மதம்னுதான் சொன்னேன். நானு உங்ககூட அத்தனை வருசம் குடித்தனம் பண்ணியிருந்தேன். அது சும்மான்னு உங்களுக்குத் தெரியலீங்களா?"

மாமனார் எதற்கும் சட்டென்று பதில் வைத்திருக்கிற மனிதர். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அத்தை நம்பியிருப்பார், அல்லது நம்பினதாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"தெரிஞ்சுது" என்றார்.

அத்தை தலையை ஆட்டினார். "பையனைப் பத்திச் சொல்லலீங்க. அவன் எம்பட பையன். அவன் இல்லாட்டி நானில்ல. அது வேற." அவர் குரல் உயரவில்லை, தழுதழுக்கவும் இல்லை. "ஆனா அன்னைக்கு எனக்குச் சம்மதமில்லீங்க."

சொல்லிவிட்டு முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒறம்பரைகளுக்கென்று வடித்த சோறு வீணாகப் போகாமல் பார்க்க அடுப்படிக்குப் போனார். மாமனார் அவர் போன வழியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அன்று நாங்கள் ஆடவில்லை.